கான்ஃபெடரேட் படைவீரர் ஒருவரின் வாழ்வையும் குடும்பத்தையும் எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: உங்கள் மருமகனின் குடும்பம் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்தது, அவருடைய முன்னோர் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் படையில் இருந்திருக்கிறார், கையில் இருப்பது ஒரு கல்லறைக் கல்லின் புகைப்படம் மட்டுமே. அந்தக் கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் குடும்பப் பெயரும், 42-ஆவது ஜார்ஜியா காலாட்படை ரெஜிமெண்டின் ஒரு கம்பெனியும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் யார், பெற்றோர் யார், மனைவி மக்கள் யார், போருக்குப் பின் என்ன ஆனார் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்காக எழுதி வைக்க விரும்புகிறீர்கள். இது முடியக்கூடிய காரியம். ஆனால் பெரும்பாலோர் செய்வதுபோல் படை ஆவணத்தை எடுத்துவிட்டு அதோடு நின்றுவிட்டால், கிடைப்பது ஒரு சிப்பாயின் வருகைப் பதிவேடாக இருக்குமே தவிர ஒரு மனிதரின் வாழ்க்கையாக இராது. தாய் தந்தையரின் பெயரோ மனைவியின் பெயரோ படை ஆவணத்தில் அரிதாகவே காணப்படும். குடும்பம் இருப்பது கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நீதிமன்றத்திலும், கணக்கெடுப்பிலும், ஓய்வூதிய மனுவிலும்தான்.

முதலில் அந்தக் கல்லையே ஓர் ஆவணமாகப் பாருங்கள். அதன் தலைப்பகுதி கூம்பிய முனையுடன் இருந்தால், அது பெரும்பாலும் அமெரிக்க அரசே வழங்கிய கல். தனியார் கல்லறைகளில் உள்ள கான்ஃபெடரேட் வீரர்களுக்கும் அரசு கல் வழங்கலாம் என்று 1929-இல்தான் சட்டம் வந்தது. ஆகவே 1890-களிலோ 1900-களிலோ இறந்த ஒருவருக்கு இத்தகைய கல் இருந்தால், அது பல பத்தாண்டுகளுக்குப் பின் வேறொருவர் விண்ணப்பித்து நட்ட கல்லாகும். அதிலுள்ள தேதிகளை மூல ஆதாரமாகக் கொள்ளலாகாது. அதே சமயம், அந்தக் கல்லுக்கான விண்ணப்ப அட்டைகள் தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. விண்ணப்பித்தவரின் பெயரும் முகவரியும் அவற்றில் உண்டு. விண்ணப்பித்தவர் பல நேரங்களில் மகளாகவோ பேரனாகவோ இருப்பதால், வீரரிலிருந்து கீழே இறங்கும் தலைமுறைக்கு ஒரு பிடிமானம் இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்தது கம்பெனி. அன்றைய படையில் ஒரு கம்பெனி என்பது தொடக்கத்தில் நூறு பேர் அளவிலான குழு; பல கம்பெனிகள் சேர்ந்தது ஒரு ரெஜிமெண்ட். அவர்கள் பெரும்பாலும் ஒரே கவுண்டியில், சில வேளைகளில் ஒரே சாலையில் வாழ்ந்தவர்கள். அண்ணன் தம்பியர், மைத்துனர்கள், மாமன் மகன்கள், பக்கத்து நிலத்துக்காரர் எல்லோரும் ஒரே நாளில் ஒரே மேசையில் கையெழுத்திட்டுச் சேர்ந்திருப்பார்கள். 42-ஆவது ரெஜிமெண்ட் 1862-இன் முற்பகுதியில் குவினெட், டிகால்ப், நியூட்டன், வால்ட்டன், ஃபுல்ட்டன், மில்ட்டன் ஆகிய கவுண்டிகளிலிருந்து திரட்டப்பட்டது. உங்கள் கல்லில் கம்பெனியைக் குறிக்கும் ஆங்கில எழுத்து எந்தக் கவுண்டிக்கு உரியது என்பதைக் கண்டறிந்துவிட்டால், தேட வேண்டிய பரப்பு ஒரு மாநிலத்திலிருந்து ஒரு கவுண்டியாகச் சுருங்கிவிடும். பிறகு அந்தக் கம்பெனியின் முழுப் பெயர்ப் பட்டியலையும் எடுத்து அருகில் வைத்துக்கொள்ளுங்கள். திருமணப் பதிவில் சாட்சி போட்டவர், ஓய்வூதிய மனுவில் வாக்குமூலம் தந்தவர், பக்கத்து வீட்டில் கணக்கெடுக்கப்பட்டவர் என்று அதே பெயர்கள் பிற்பாடு திரும்பத் திரும்ப வரும். என் அனுபவத்தில், ஒரே பெயருடைய இருவரில் நம்மவர் யார் என்ற சிக்கலை அவிழ்ப்பதற்கு இந்தப் பட்டியலைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை.

படைப் பணி ஆவணத்தைப் பற்றி இனிச் சொல்கிறேன். தேசிய ஆவணக்காப்பகத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் உறை இருக்கிறது. அதற்குள் சிறு அட்டைகள் இருக்கும். இந்த அட்டைகள் போர்க்காலத்தில் எழுதப்பட்டவை அல்ல. 1903 முதல் அமெரிக்கப் போர்த்துறை, போரின் முடிவில் கைப்பற்றிய பதிவேடுகளையும் தென்மாநில அரசுகளிடமிருந்து இரவல் பெற்ற பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு, எழுத்தர்களைக் கொண்டு ஒவ்வொரு வீரரின் குறிப்பையும் தனித்தனி அட்டையில் படியெடுக்கச் செய்தது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்பட்ட வருகைப் பட்டியல் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: சேர்ந்த நாள், இடம், சேர்த்துக்கொண்ட அதிகாரி, கடைசியாகச் சம்பளம் பெற்ற நாள், அன்று முகாமில் இருந்தாரா இல்லையா, குறிப்பு ஏதேனும் உண்டா என்பவை அதில் வரும். சாதாரணச் சிப்பாய்க்குத் தொடக்கத்தில் மாதச் சம்பளம் 11 டாலர். அட்டைகளுக்குப் பின்னால் சில உறைகளில் மூலக் காகிதங்களும் இருக்கும். உடல்நலமின்மையால் விடுவிக்கப்பட்டவராயின் பிறந்த கவுண்டி, வயது, உயரம், கண்ணின் நிறம், தொழில் ஆகியவை எழுதப்பட்ட சான்றிதழ் கிடைக்கலாம். வீரர் பணியில் இறந்திருந்தால் கூடுதலாக ஓர் அட்டையைத் தேடுங்கள். நிலுவைச் சம்பளம் கோரி யார் மனுச் செய்தார் என்பது அதில் இருக்கும். தந்தையா, தாயா, மனைவியா என்பதும் அங்கேயே குறிக்கப்பட்டிருக்கும். குடும்பத்தைச் சொல்லும் படை ஆவணம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

உங்கள் ரெஜிமெண்டைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு வகையில் கொடுத்துவைத்தவர். 42-ஆவது ஜார்ஜியா, மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள விக்ஸ்பர்க் முற்றுகைக்குள் அகப்பட்டு, 1863 ஜூலை 4 அன்று நகரத்தோடு சேர்ந்து சரணடைந்தது. ஏறத்தாழ 29,000 பேரைச் சிறைக்கு அனுப்பாமல், எதிர்த்தரப்பிடமுள்ள கைதிகளுக்கு ஈடாக முறைப்படி பரிமாற்றம் செய்யப்படும்வரை ஆயுதம் ஏந்துவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வடமாநிலங்களின் ஒன்றியப் படையின் தளபதி யுலிசிஸ் கிராண்ட் விடுவித்தார். அச்சிட்ட சிறு தாள் ஒன்றில் பெயர், பதவி, கம்பெனி, ரெஜிமெண்ட் ஆகியவற்றை நிரப்பி, கீழே வீரர் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாள் பல உறைகளில் அப்படியே இருக்கிறது. எழுதத் தெரிந்தவராயின் அவருடைய கையெழுத்தை நீங்கள் காணலாம். தெரியாதவராயின் அவருடைய பெயரை அதிகாரி எழுதியிருக்க, இடையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அந்தக் கையெழுத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் நிலப் பத்திரத்திலோ ஓய்வூதிய மனுவிலோ வரும் கையெழுத்தோடு ஒப்பிட்டு, ஒரே ஆள்தானா என்று உறுதி செய்ய அது உதவும்.

அட்டைகளில் இடைவெளிகள் இருந்தால் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 1864-இன் இறுதியிலும் 1865-லும் எடுக்கப்பட்ட பட்டியல்கள் பல ரெஜிமெண்டுகளுக்குக் கிடைக்கவே இல்லை. ஆகவே கடைசி அட்டை 1864-இல் நின்றுபோவது அவர் ஓடிப்போனார் என்பதற்கோ இறந்தார் என்பதற்கோ சான்றாகாது. 'அனுமதியின்றி வரவில்லை' என்ற குறிப்பையும் காலத்தோடு வைத்துப் படிக்க வேண்டும். 1862 ஏப்ரலில் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் 18 முதல் 35 வயதுவரையான வெள்ளை ஆண்களைப் படைக்கு உட்படுத்தியது. அதே ஆண்டில் உச்ச வயது 45 ஆயிற்று. 1864 பிப்ரவரியில் 17 முதல் 50 என்று விரிந்தது. இருபது அடிமைகளுக்கு ஒரு வெள்ளையர் என்ற கணக்கில் பெருந்தோட்டக்காரர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டபோது, அடிமைகளை வைத்திராத சிறு உழவர்களிடையே கடும் கசப்பு எழுந்தது. 1864 கோடையில் ஒன்றியத் தளபதி ஷெர்மனின் படை இவர்களுடைய சொந்தக் கவுண்டிகளின் வழியாகவே அட்லாண்டாவை நோக்கி வந்தது. விதைப்புக் காலத்தில் ஒருவர் வீடு திரும்பியிருந்தால், அதன் காரணம் அந்த வீட்டின் கணக்கெடுப்பு வரியிலேயே தெரியக்கூடும்: ஒரு மனைவி, ஐந்து வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகள், வேறு ஆண் துணை இல்லை.

ஓடிப்போனவர் என்ற குறிப்பு இன்னொரு ஆவணக் குவியலுக்கு வழிகாட்டவும் கூடும். வட கரோலினாவைச் சேர்ந்த மோஸ் டிரிப்லெட் என்பவர் 1862-இல் கான்ஃபெடரேட் படையில் சேர்ந்து, 26-ஆவது வட கரோலினா ரெஜிமெண்டில் இருந்தபோது நோயுற்று மருத்துவமனையில் விடப்பட்டு, அங்கிருந்து வெளியேறி, பிறகு 1864-இல் ஒன்றியத்தின் தரப்பில் இருந்த வட கரோலினா ரெஜிமெண்ட் ஒன்றில் சேர்ந்தார். அதனால் அவருடைய குடும்பத்துக்கு மத்திய அரசின் ஓய்வூதியம் கிடைத்தது. அவருடைய முதுமையில் 1930-இல் பிறந்த மகள் ஐரீன், மாதம் 73 டாலர் 13 சென்ட் பெற்றுவந்து, 2020-இல் மறைந்தார். உள்நாட்டுப் போரின் ஓய்வூதியம் பெற்ற கடைசி மனிதர் அவரே. கான்ஃபெடரேட் ஆவணத்தை மட்டும் பார்த்து நிறுத்தியவருக்கு இந்த வாழ்க்கையின் பாதி தெரியாமலே போயிருக்கும். சிறைபிடிக்கப்பட்ட பின் ஒன்றியப் படையில் சேர்ந்து மேற்கு எல்லைக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு; எனவே ஒன்றியப் பட்டியலிலும் ஒருமுறை அதே பெயரைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சிறைக்குச் சென்றவராயின் தகவல் குறையாது, கூடும். அட்லாண்டாவைச் சுற்றிய போர்களில் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் சிகாகோவின் கேம்ப் டக்ளஸுக்கோ ஒஹாயோவின் கேம்ப் சேஸுக்கோ அனுப்பப்பட்டார்கள். 1865 கோடையில் ஒன்றியத்துக்கு விசுவாச உறுதிமொழி எடுத்து விடுதலையானபோது, வசிப்பிடம், நிறம், தலைமுடி, கண், உயரம் ஆகியவை பதிவு செய்யப்பட்டன; புகைப்படம் இல்லாத ஒரு மூதாதையரின் தோற்றத்தை அறிய இதுவே பெரும்பாலும் ஒரே வழி. இறந்தவர்களின் பதிவுகள் எவ்வளவு நம்பகமானவை என்பது அந்தந்த முகாமைப் பொறுத்தது. சிகாகோவில் இறந்தவர்கள் ஓக் வுட்ஸ் கல்லறையில் கூட்டாகப் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 4,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் அங்கே வெண்கலப் பலகைகளில் உள்ளன. நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் நிலைமை வேறு. அங்கு இறந்த ஏறத்தாழ 3,000 கைதிகளையும் அடக்கம் செய்தவர் ஜான் டபிள்யூ. ஜோன்ஸ், வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து 1844-இல் தப்பி வந்தவர். தம் இனத்தை அடிமையாக வைத்திருந்த மாநிலங்களின் படைவீரர்கள் அவர்கள் என்று தெரிந்திருந்தும், ஒவ்வொருவரின் பெயர், ரெஜிமெண்ட், இறந்த நாள், குழியின் எண் ஆகியவற்றை அவர் அத்தனை கவனமாக எழுதி வைத்தார். அடையாளம் தெரியாதவர்கள் அங்கே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. எல்மைராவில் ஒரு முன்னோரின் புதைகுழியை இன்று கண்டுபிடிக்க முடிகிறதென்றால் அது அவருடைய உழைப்பினால்தான். குடும்ப வரலாற்றில் அவருடைய பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது குடும்பத்தின் முக்கிய ஆவணமான ஓய்வூதிய மனுவுக்கு வருகிறேன். கான்ஃபெடரேட் வீரர்களுக்கு மத்திய அரசு ஓய்வூதியம் தரவில்லை. அந்தந்த மாநிலமே தந்தது. அதுவும் வீரர் எந்த மாநிலத்தின் படையில் பணியாற்றினார் என்பதைப் பாராமல், மனுச் செய்யும்போது எங்கே வாழ்ந்தார் என்பதைப் பார்த்தே தந்தது. போருக்குப் பின் ஜார்ஜியாவிலிருந்து அலபாமா, ஆர்க்கன்சா, டெக்சாஸ் என்று மேற்கே குடிபெயர்ந்தவர்கள் ஏராளம். டெக்சாஸ் 1899-லும் ஓக்லஹோமா 1915-லும் ஓய்வூதியம் அளிக்கத் தொடங்கின. ஜார்ஜியாவில் மனு இல்லையென்றால் அந்த மாநிலங்களில் தேடுங்கள். ஆர்க்கன்சாவில் 1911-இல் முன்னாள் வீரர்களிடம் ஒரு வினாப்பட்டியலே நிரப்பி வாங்கப்பட்டது. பெற்றோர், பாட்டன் பாட்டி, மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர், பிள்ளைகள் என எல்லாமே அதில் கேட்கப்பட்டன.

ஜார்ஜியாவில் உறுப்பிழந்தோருக்குத் தொடங்கிய உதவி, 1890-களில் விதவைகளுக்கும் வறிய முன்னாள் வீரர்களுக்கும் விரிந்தது. விதவையின் மனுவைத்தான் நான் முதலில் தேடுவேன். எப்போது, எங்கே, யாரை மணந்தார், கணவர் எந்த நாளில் எந்தக் கம்பெனியில் சேர்ந்தார், சரணடைந்தபோது படையுடன் இருந்தாரா, இல்லையென்றால் எங்கே இருந்தார், ஏன், எப்போது இறந்தார், தற்போது என்ன சொத்து உண்டு, யார் ஆதரிக்கிறார்கள் என்று படிவம் வரிசையாகக் கேட்கும். உடன் பணியாற்றிய ஒருவர் சாட்சியம் அளிக்க வேண்டும். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின், வறுமையை மெய்ப்பித்தால்தான் பணம் என்ற நிலையில், நினைவிலிருந்து சொல்லப்பட்ட விடைகள் இவை. 'காயம் பட்டு வீட்டில் இருந்தேன்' என்று மனு சொல்ல, அட்டையில் 'அனுமதியின்றி வரவில்லை' என்று இருப்பது வழக்கம். இரண்டையும் அருகருகே எழுதி வையுங்கள். ஒன்றை அழித்து மற்றொன்றை நிலைநிறுத்த வேண்டியதில்லை.

கணக்கெடுப்புகளைப் பிந்தைய ஆண்டிலிருந்து முந்தைய ஆண்டை நோக்கிப் பாருங்கள். 1910-இன் கணக்கெடுப்பில் முன்னாள் படைவீரர்களுக்கென ஒரு பத்தியே உண்டு. எந்தத் தரப்பு, தரைப்படையா கடற்படையா என்பது அதில் குறிக்கப்பட்டது. 1900-இல் பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள், தாய்க்கு எத்தனை குழந்தைகள், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பவை உள்ளன. 1890-இன் ஏடுகள் 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தின் விளைவாக ஏறக்குறைய முழுமையும் அழிந்துவிட்டன. குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880-லிருந்துதான் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய ஏடுகளில் ஒரே வீட்டில் இருக்கும் பெண் மனைவியா தங்கையா என்பதை நாம்தான் வேறு ஆவணங்களைக் கொண்டு உறுதி செய்ய வேண்டும். 1860-இல் அவர் பெற்றோர் வீட்டில் இளைஞராக இருந்திருக்க வாய்ப்புண்டு. அந்தப் பக்கத்தோடு முன்னும் பின்னும் சில பக்கங்களைப் படித்தால் கம்பெனிப் பட்டியலின் பெயர்கள் கண்ணில் படத் தொடங்கும்.

கவுண்டி ஆவணங்களில் எல்லை மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். மில்ட்டன் கவுண்டி 1857-இல் செரோக்கி, காப், ஃபோர்சைத் ஆகியவற்றிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. 1932-இல் ஃபுல்ட்டனோடு இணைக்கப்பட்டு மறைந்தது. ஒரே வீட்டில் வாழ்நாள் முழுதும் இருந்தவரின் பத்திரங்கள் இதனால் இரண்டு மூன்று கவுண்டிகளில் சிதறிக் கிடக்கும். குவினெட் நீதிமன்றம் 1871-இல் எரிந்தது. அந்தக் கவுண்டியாயின் ஜார்ஜியாவின் வரிப் பதிவேடுகள் கைகொடுக்கும். மாநிலப் படையைச் சீரமைக்க 1864-இல் எடுக்கப்பட்ட கணக்கு, அப்போது ஊரில் இருந்த 16 முதல் 60 வயதுவரையான ஆண்களைச் சொல்வதால், தந்தையும் தம்பியரும் அதில் அகப்படக்கூடும்.

இவற்றில் பெரும்பகுதியைக் கட்டணமின்றி ஃபேமிலிசர்ச் தளத்திலேயே பார்க்கலாம். படைப் பணி உறைகளின் படங்கள் ஃபோல்ட்3 தளத்தில் உள்ளன. மருமகன் வீட்டாருடன் நேரில் போக முடியுமானால், ஜார்ஜியா மாநில ஆவணக்காப்பகமும் தேசிய ஆவணக்காப்பகத்தின் அட்லாண்டா கிளையும் மாரோ என்ற ஊரில் அடுத்தடுத்து இருக்கின்றன.

ஒரு பகுதியை விட்டுவிட்டு இந்தக் குடும்ப வரலாற்றை எழுதக் கூடாது. 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் அடிமைகளுக்கெனத் தனிப் பட்டியல் எடுக்கப்பட்டது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்குப் பெயர் இராது, வயதும் பாலும் நிறமும் மட்டுமே இருக்கும். வீரரின் பெயரில் யாரும் இல்லாவிட்டாலும் அவருடைய தந்தை, பாட்டனார், மாமனார் ஆகியோரின் பெயர்களிலும் பார்க்க வேண்டும். 1860-இன் பொதுக் கணக்கெடுப்பில் நிலம் நீங்கிய உடைமையின் மதிப்பு பல ஆயிரம் டாலராக இருந்தால், அது பெரும்பாலும் மனிதர்களின் விலை. உயில்களிலும் இறந்தவரின் சொத்துக் கணக்குகளிலும் நிலைமை மாறும்: குதிரைக்கும் கலப்பைக்கும் இடையே ஒரு பெண்ணின் பெயர், அவளுடைய குழந்தையின் பெயர், எதிரே ஒரு தொகை, அவர்கள் எந்த வாரிசுக்குப் போனார்கள் என்ற குறிப்பு. பேரப்பிள்ளைகள் இதைப் படிக்கும் வயது வரும்போது, பெற்றோர் உடனிருந்து விளக்கினால் போதும், மறைக்க வேண்டாம்.

அந்தப் பெயர்களைக் குடும்பத்தின் பெயர்களைப் போலவே, எந்த ஏடு, எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்ற விவரத்துடன் எழுதி, பொதுவில் தேடக்கூடிய குடும்ப மரங்களில் பதிவிடுங்கள். விடுதலை பெற்ற கறுப்பினக் குடும்பங்களில் பெரும்பாலானவை 1870-இன் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாகப் பெயருடன் தோன்றுகின்றன. ஜார்ஜியாவில் 1867-இன் வாக்காளர் பதிவேடு அதற்கும் மூன்றாண்டு முந்தையது. உங்கள் வீரரும், அவருடைய குடும்பத்தின் நிலத்தில் உழைத்த ஆண்களும் அதே ஏட்டில், அதே வட்டாரத் தலைப்பின் கீழ் இடம் பெற்றிருக்கக்கூடும். சொத்துக் கணக்கில் கிடைத்த பெயரை அந்த ஏட்டிலும் 1870-இன் ஏட்டிலும் தேடிப் பொருத்திவிட்டால், தம் மூதாதையரை 1870-க்கு அப்பால் கொண்டுசெல்ல முடியாமல் நிற்கும் ஒரு குடும்பத்துக்குத் தேவையான ஆவணம் உங்கள் கையிலிருந்து அவர்களுக்குப் போய்ச் சேரும்.